போச்சாவுக்குப் பயப்படும் தரை

குர்காவ், நொய்டா பக்கம் ஃபிளாட் தேடி அலைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பில்டர் கொடுக்கும் வழவழப்பான புத்தகத்தில் ஹாலுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் என்று வரிசையாக வந்து, மாஸ்டர் பெட்ரூமுக்கு மட்டும் 'வுடன் ஃப்ளோரிங்' என்று போட்டிருக்கும். (ஊருக்கு 2016-ல் குருகிராம் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரரும் நானும் இன்னும் குர்காவில்தான் இருக்கிறோம்.) அந்த வார்த்தையைப் படித்ததும் நமக்கு செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்கு கண்ணில் தெரியும். தெரியக்கூடாது. அங்கே தேக்கும் இல்லை, பலகை என்று சொல்ல ஒரு பலகையும் இல்லை. மர நாரை அமுக்கிச் செய்த கெட்டி அட்டை, அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த காகிதம், அதற்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கவசம். அவ்வளவுதான். லேமினேட் தரை என்பதுதான் அதன் உண்மைப் பெயர்.

தரையைத் துடைக்கிறதுக்கெல்லாம் ஒரு சரித்திரமான்னு கேட்கறீங்களா? இருக்குங்க. அதைத் தெரிந்துகொண்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று யாரும் பட்டியல் போட்டுத் தர வேண்டியதில்லை. தவிர, என் விஷயத்தில் 22,000 ரூபாய் வாடகை டெபாசிட்டும், ஒரு வேலைக்காரப் பெண்மணியின் பெயரும் இதில் மாட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நாம் எந்தத் தரையிலிருந்து வந்தோம் என்று பார்ப்போம். சாணம் மெழுகிய தரை, சுண்ணாம்புத் தரை எல்லாம் தாத்தா காலம். என் வயதுக்காரர்கள் தவழ்ந்தது பெரும்பாலும் சிமெண்டுத் தரையில். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சியே 1904-ல் சென்னையில்தான் நடந்தது. கிளிஞ்சலைச் சுட்டுச் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் ஆலை வந்த பிறகுதான் உள்நாட்டு சிமெண்டு காலூன்றியது. அந்த சிமெண்டோடு ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதுதான் நம் வீடுகளின் சிவப்புத் தரை. அப்புறம் மொசைக் வந்தது. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ். வகை எதுவானாலும் ஒரு விஷயம் பொது: தண்ணீரை வரவேற்கும் தரை அது.

எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டில் கொத்தனார் தரை போடும்போதே ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்திருந்தார். அந்த மூலையில் சுவரோடு ஒரு ஓட்டை, வெளியே வாறுகால். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு வாளித் தண்ணீரை விட்டு, தென்னை விளக்குமாற்றால் தள்ளினால் எல்லாம் அந்த ஓட்டை வழியே போய்விடும். வாட்டமும் ஓட்டையும் இருந்ததால்தான் அந்தப் பழக்கம். அடுக்குமாடி வீட்டுத் தரைக்கு வாட்டமும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. பழக்கம் மட்டும் நம்மோடு ரயிலேறி வந்துவிட்டது.

இனி லேமினேட் கதை. அது மரத்தில் ஆரம்பிக்கவில்லை, மின்சாரத்தில் ஆரம்பித்தது.

நூறு வருடத்துக்கு முன் மோட்டார்களுக்குள் மின்சாரம் கசியாமல் இருக்க மைக்கா தகடு வைப்பார்கள். நம் ஊரில் சின்ன வயதில் மண்ணிலிருந்து பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வோமே, பளபளவென்று ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன், அதேதான். தகட்டு மைக்காவுக்கு அன்று உலகில் பெயர்போன இடங்கள் இரண்டுமே இந்தியாவில் இருந்தன: இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா வட்டாரம், அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் வட்டாரம். மைக்காவுக்குப் பதிலாக மலிவாக வேறொன்று கிடைக்குமா என்று அமெரிக்காவில் தேடிக்கொண்டிருந்தார்கள். 1907-ல் லியோ பேக்லாண்ட் என்ற பெல்ஜியக்காரர் அங்கே பேக்கலைட் என்ற செயற்கைப் பிசினைச் செய்திருந்தார். பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்த டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு இளைஞர்கள் 1912-ல் அந்தப் பிசினில் துணியை ஊறவைத்து, சூடாக்கி அழுத்தினால் மைக்காவின் வேலையைச் செய்யும் தகடு கிடைக்கிறது என்று கண்டார்கள். அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டு சின்சினாட்டியில் கடை போட்டார்கள். மைக்காவுக்குப் பதிலாக வந்தது என்பதால் பெயர் ஃபார்மைக்கா. ஆங்கிலத்தில் 'மைக்காவுக்காக' என்று சொல்லிப் பாருங்கள், பெயர் வந்துவிடும்.

ஆக, நம் ஆசாரிகள் கட்டில், மேஜை, பீரோ எல்லாவற்றுக்கும் "சன்மைக்கா ஒட்டிரலாம் சார்" என்கிறார்களே, அது ஒரு கம்பெனியின் பெயர், பொருளின் பெயராகிவிட்டது. அந்தப் பெயரின் வாலில் தொங்கும் மைக்காவும் நெல்லூர் காக்காப்பொன்னும் ஒரே சரக்கு. ஆனால் ஒட்டும் தகட்டுக்குள் மைக்கா துளிகூடக் கிடையாது. பெயர் மட்டும் மிச்சம்.

பேக்கலைட் பிசினுக்கு ஒரு குறை: நிறம் கருப்பு அல்லது காப்பிக்கொட்டை. மின்சாரத்துக்கு நிறம் தேவையில்லை, வீட்டுக்குத் தேவை. 1927 வாக்கில் அடியில் இருக்கும் கருமை தெரியாமல் ஒரு மறைப்புக் காகிதம் வைத்து, அதன் மேல் மரவரி, சலவைக்கல் படம் அச்சடித்த காகிதத்தை ஒட்டும் வித்தையை ஃபார்மைக்கா பிடித்தது. 1930களின் கடைசியில் மெலமைன் பிசின் வந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவு, கீறினால் சுலபத்தில் கீறாது, சூடான காப்பி டம்ளரை வைத்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. போருக்குப் பிறகு அமெரிக்காவின் ஓட்டல் மேஜைகள், அடுக்களை மேடைகள் எல்லாம் இதுவே ஆயின. ஆனால் யாரும் அதைத் தரையில் போட்டு மிதிக்கத் துணியவில்லை. மேஜைமேல் கை படும். தரையில் செருப்பு, மணல், நாற்காலிக்கால்.

துணிந்தது ஸ்வீடனில் ஒரு வினிகர் ஆலை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெற்கு ஸ்வீடனில் ஸ்கோனே என்ற பகுதி. அங்கே பெர்ஸ்டார்ப் என்ற சின்ன ஊர், சுற்றிலும் பீச் மரக்காடு. 1881-ல் வில்ஹெல்ம் வெண்ட் என்பவர் அந்த மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு அசிட்டிக் அமிலம், கரி, தார் எல்லாம் எடுக்க ஆரம்பித்தார். கம்பெனியின் பெயரே பிற்காலத்தில் 'ஸ்கோனே வினிகர் ஆலை' என்றுதான் இருந்தது. மரத்திலிருந்து கிடைத்த சாராயத்தைக் கொண்டு ஃபார்மால்டிஹைடு செய்தார்கள். அதை வைத்துப் பிசின், பிசினை வைத்து ஐசொலிட் என்ற பிளாஸ்டிக். ஸ்காண்டிநேவியாவின் முதல் பிளாஸ்டிக் அது, 1918 வாக்கில். ஒன்றின் கழிவு அடுத்ததற்கு மூலப்பொருள். நம் ஊரில் வடித்த கஞ்சியை மாட்டுக்கு விடுவது போலத்தான். பிறகு அடுக்களை மேடைக்கான லேமினேட் தகடு. 1958-ல் அதற்கு ஒரு கோலம் போட்டுக் கொடுத்தவர் சிக்வார்ட் பெர்னடோட், ஸ்வீடன் அரசரின் மகன், தொழில்முறை வடிவமைப்பாளர். கிறுக்கல் மாதிரி இருக்கும்; பெயர் 'விர்வார்'. குழப்படி என்றுதான் அர்த்தம். அந்த நாட்டில் அது இல்லாத அடுக்களையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்ததாம்.

இந்தக் கம்பெனிதான் 1977-ல் லேமினேட்டைத் தரைக்குக் கொண்டுவந்தது. 1980-ல் ஸ்வீடனில் விற்பனை, 1984-ல் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில், 1994-ல் அமெரிக்காவில். பெயர் பெர்கோ. பெர்ஸ்டார்ப் என்பதில் பாதி, ஸ்வீடிஷ் மொழியில் தரையைக் குறிக்கும் 'கோல்வ்' என்பதில் பாதி.

ஸ்வீடனில் இது ஏன் ஓடியது என்று யோசித்தால் நம் பிரச்சினையின் பாதி விளங்கும். அவர்களும் நம்மைப் போலவே செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். அதில் ஒற்றுமை. ஆனால் வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வழக்கம் அங்கே இல்லை. குளிர்காலத்தில் ஆறேழு மாதம் ஹீட்டர் போட்டு உள்ளே காற்று காய்ந்து கிடக்கும். உலர்ந்த மாப்பால் தூசியைத் தள்ளி எடுத்தால் முடிந்தது. அந்த வாழ்க்கைக்காகச் செய்த தரையைத்தான் 2000களில் பில்டர்கள், மே மாதத்தில் ஆந்தி என்று மண்ணை வாரியடித்து ஜூலையில் சுவர் வேர்க்கும் இந்த ஊருக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

மேலே இருக்கும் கவசம் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனசில்லை, ஏனென்றால் அது நம்மாள். மெலமைன் பிசின் மட்டும் இருந்தால் தரை ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். அதனால் மேல் ஏட்டில் அலுமினியம் ஆக்சைடு துகளைக் கலக்கிறார்கள். இயற்கையில் கிடைக்கும் இதே பொருளுக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அந்தச் சொல் தமிழின் குருந்தத்திலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் 'ஆசியாவிலிருந்து வந்த கொரண்டம் கல்' பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைக்கும் பாறைகள் இன்றும் உண்டு. (நிலா மண் மாதிரி வேண்டும் என்று இஸ்ரோ தேடிப் போனதும் அந்த வட்டாரத்துப் பாறையைத்தான்.) நம் ஊர் சாணைக்கல்லே குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்ததுதான். லேமினேட்டின் மேல் ஏடும் அதே சூத்திரம்: அரக்குக்குப் பதில் மெலமைன், மலையில் வெட்டிய குருந்தத்துக்குப் பதில் பாக்சைட்டிலிருந்து ஆலையில் எடுத்தது. கத்தி தீட்டுகிறவரின் கல்லை மெல்லிசாக்கித் தரையில் விரித்த மாதிரி.

இதிலிருந்து ஒரு வீட்டு உபயோகம். கடினத்தில் வைரம் 10 என்றால் குருந்தம் 9, சாதாரண மணல் 7. மணலால் குருந்தத்தைக் கீற முடியாது. ஆனால் துகளுக்கு நடுவே இருக்கும் பிசினைக் கீற முடியும். நடக்க நடக்க மணல் அந்தப் பிசினை அரைத்து மங்கலாக்குகிறது. ஆகவே இந்தத் தரையின் முதல் எதிரி வாசலிலிருந்து வரும் மண். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று, தினமும் ஒருமுறை மெத்தென்ற துடைப்பத்தால் பெருக்குவது. இந்த மூன்றும் எந்த பாட்டில் திரவத்தையும் விட அதிகம் உதவும். கடையில் தரை வாங்கும்போது ஏசி 3, ஏசி 4 என்பார்கள். ஜன்னலில் மாட்டும் ஏசி இல்லை, தேய்மானத் தரவரிசை. உப்புக்காகிதம் சுற்றிய சக்கரத்தை மாதிரித் துண்டின் மேல் சுழலவிட்டு, அச்சடித்த படம் அழிய ஆரம்பிக்க எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுவார்கள். 3-க்கு ஏறக்குறைய 2000 சுற்று, 4-க்கு 4000. வீட்டுக்கு 3 போதும், ஓடியாடும் பிள்ளைகள் இருந்தால் 4.

மேலே இவ்வளவு பலம். பலவீனம் எல்லாம் நடுவில்.

நடுவில் இருப்பது எச்.டி.எஃப். என்ற அட்டை. எடிசனிடம் வேலை பார்த்த வில்லியம் மேசன் என்பவர் 1924-ல் மிசிசிப்பி மாநிலத்தில் மரச்சில்லுகளை நீராவியால் வெடிக்கவைத்து நாராக்கி, அமுக்கி ஹார்டுபோர்டு செய்தார். அந்த வழியில் வந்த தம்பிதான் எம்.டி.எஃப்.; அதை இன்னும் நெருக்கி அமுக்கினால் எச்.டி.எஃப். மரத்தைப் பஞ்சுபோல் பிரித்து, பிசின் தெளித்து, சூட்டில் அழுத்துவது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் எம்.டி.எஃப். ஆலை முதலில் வந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் டெபாசிட். சத்தியமாக அதுதான் பெயர். என் டெபாசிட் போனதும் அந்த அட்டையால்தான் என்பதால் எனக்கு இது மறக்காது :-)

அமுக்கிய நார் தண்ணீரைக் கண்டால் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். மேலே மெலமைன், கீழேயும் ஒரு ஏடு. இரண்டும் தண்ணீரை விடாது. ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் நாலு விளிம்பு உண்டே, அது திறந்த வாசல். தண்ணீர் விளிம்பில் நுழைந்தால் அட்டை உப்பும். காய்ந்த பிறகும் பழையபடி அமுங்காது. நிஜ மரத்தரை என்றால் இழைத்துச் சமன் செய்யலாம். இதில் இழைத்தால் காகிதப் படம் கிழிந்து வரும். இன்னொரு சங்கடமும் உண்டு. கீழே கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறாமல் இருக்க பாலித்தீன் தாள் விரித்திருப்பார்கள். கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கிற அந்தத் தாள், மேலிருந்து இறங்கிய தண்ணீரையும் வெளியே விடாது. மூடிய டிபன் பாக்ஸில் ஈரத்துணி வைத்த கதை.

ஆரம்பகாலப் பெர்கோவில் விளிம்புக்கு விளிம்பு பசை தடவி ஒட்டுவார்கள். வேலை அதிகம், ஆனால் அந்தப் பசை தண்ணீரை ஓரளவு மறித்தது. 1996-ல் ஸ்வீடனின் வாலிங்கே, 1997-ல் பெல்ஜியத்தின் யூனிலின் என்ற இரண்டு கம்பெனிகள் தனித்தனியே பசையில்லாமல் டக்கென்று பூட்டிக்கொள்ளும் விளிம்பைக் கொண்டுவந்தன. அதன்பின் ஒரு அறைக்குத் தரை போட ஒரு நாள் போதும் என்றாயிற்று. இந்தப் பூட்டுக்கான காப்புரிமையில் வருடக்கணக்காக வழக்குகள் நடந்தன. கடைசியில் யூனிலினை 2005-ல் வாங்கிய அமெரிக்காவின் மொஹாக், 2013-ல் பெர்கோவையே வாங்கிப் போட்டது. தரையைக் கண்டுபிடித்தவர்கள் பூட்டைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக்குக் குடிபோனார்கள்.

இப்போது டெபாசிட் விவகாரம். நாங்கள் முன்பு இருந்த வாடகை ஃபிளாட்டில் பெட்ரூம் தரை லேமினேட். வீட்டைக் காலி செய்யும்போது உரிமையாளர் வந்து பார்த்தார். பால்கனிக் கதவோரம் பலகைகளின் விளிம்பு வரப்பு மாதிரி எழும்பியிருந்தது. "உங்கள் வேலைக்காரி வாளி வாளியாகப் போச்சா போட்டுக் கெடுத்துவிட்டாள்" என்றார். 22,000 ரூபாய் பிடித்தம் என்றார். போச்சா என்பது இங்கே ஈரத்துணியால் தரை துடைப்பது. ஜாடு-போச்சா என்று சேர்த்தே சொல்வார்கள், சம்பளமும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்த தீதி வங்காளத்தில் மால்டா பக்கத்துக்காரர். அவர் இந்த அறையில் துணியை முறுக்கிப் பிழிந்துதான் துடைப்பார். தங்கமணி முதல் நாளே சொல்லி வைத்தது. நான் தரையில் உட்கார்ந்து பலகை பலகையாகப் பார்த்தேன். போச்சா காரணம் என்றால் அறை முழுக்க, குறிப்பாக அவர் துணியை நனைத்துக்கொண்டு நுழையும் கதவுப் பக்கம், விளிம்புகள் எழும்பியிருக்க வேண்டும். இங்கோ வீக்கம் பால்கனிக் கதவை ஒட்டி ஒரே நேர்க்கோட்டில் இரண்டு வரிசை மட்டும். கண்ணாடிக் கதவு ஓடும் அலுமினியத் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர் வெளியே போகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளைச் சிமெண்டுப் பால் அடைத்திருந்தது, கட்டிய நாளிலிருந்தே. ஜூலை மழையில் தண்டவாளம் நிரம்பித் தண்ணீர் உள்பக்கம் வழிந்திருக்கிறது. குண்டூசியால் குத்திக் காட்டினேன். உரிமையாளர் பாதி இறங்கி வந்தார். 11,000 போனது போனதுதான். அதை விட உறுத்தியது வேறு. அதே டவரில் இரண்டு மாடி கீழே, அதே பால்கனிக் கதவோரம், அதே வீக்கம். அந்த வீட்டில் பழியைப் போட்டு வேலைக்கு வந்த பெண்ணை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தீதி சொல்லித்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அந்த டவரில் வேறு வீடும் கிடைக்கவில்லை. நான் குண்டூசியோடு அங்கேயும் போய்க் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள், கூப்பிடவில்லை.

இப்போது இருக்கும் சொந்த ஃபிளாட்டிலும் பெட்ரூம் இதே தரைதான். 'இந்த அறைக்குப் போச்சா வேண்டாம், வாரத்துக்கு ஒருநாள் பிழிந்த துணி போதும்' என்றதும் தீதியின் முகம் மாறியது. வேலை குறைந்தால் கூலி குறையும் என்ற கணக்கு. கூலி அப்படியே என்று சொன்ன பிறகுதான் தரையைப் பற்றிப் பேச முடிந்தது. நீளக்கைப்பிடி வைத்த மைக்ரோஃபைபர் மாப் ஒன்று வாங்கினோம். ஒரு நூலைப் பல இழையாகப் பிளந்து நெய்த துணி அது. இழைகளின் இடுக்கில் தூசி உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் தேவையே இல்லை. குந்தி உட்கார்ந்து நகரும் வேலை போனதால் முட்டிவலி குறைந்தது என்று மற்ற அறைகளுக்கும் அவர் அதையே கேட்டுவிட்டார்.

வாராந்திரத் துடைப்புக்கு ஒரு அளவு: துணியைப் பிழிந்து விரித்தால் சொட்டக்கூடாது, துடைத்த இடம் ஒரு நிமிஷத்தில் காய வேண்டும். பினாயில் வேண்டவே வேண்டாம். பால்போலக் கலங்கும் வெள்ளைப் பினாயில் மேலே ஒரு படலமாக நிற்கும், அதில் கால் தடம் பதியும், அதைப் போக்க இன்னும் பினாயில் விடுவோம். இங்கே பலரும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் சேர்த்துத் துடைக்கிறார்கள். டைல்ஸுக்குச் சரி. ஏற்கெனவே உப்பான போர் தண்ணீர் அதில் இன்னும் உப்பாகி இருப்பதால் இந்தத் தரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வையுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. உப்புக்கறை ஏற்கெனவே விழுந்திருந்தால் ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர், எப்போதாவது ஒருமுறை. (வினிகர் ஆலை பெற்ற பிள்ளையை வினிகராலேயே துடைக்கிறோம்.) நீராவி மாப்பை விற்க வருகிறவர் என்ன சொன்னாலும் இந்த அறைக்குள் விடாதீர்கள்; மேசன் மரத்தை நாராகப் பிரித்ததே நீராவியால்தான். மெழுகு, பாலிஷ் எதுவும் மெலமைனுக்குள் இறங்காது, வழுக்கும், அவ்வளவே.

நம்மவர்களுக்கென்று சில. மாக்கோலத்தை நேரே தரையில் போட்டால் ஈர மாவு விளிம்பில் இறங்கும். மணையில் போட்டு வையுங்கள். எண்ணெய் சிந்தினால் பயமில்லை, துடைத்தால் போய்விடும். கனமான குத்துவிளக்கின் அடிவிளிம்பும் கொலுப்படியின் இரும்புக்காலும்தான் குழி விழச் செய்யும், கீழே நாலாக மடித்த துணி வேண்டும். சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்டிங்கால் மறைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் தரை விரிய அந்த இடம் வேண்டும். வயர் ஒழுங்காக இருக்கட்டும் என்று அதில் சிலிக்கானை அடைத்தால் ஆகஸ்டில் அறை நடுவே தரை கூடாரம் போடும்.

அம்மா போன குளிர்காலத்தில் வந்திருந்தார். கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி விட்டுக் கழுவாத தரையில சாமி படத்தை வைக்கலாமால?" என்றார். பூஜை அலமாரி டைல்ஸ் போட்ட ஹாலுக்கு மாறியது. வெள்ளிக்கிழமை அங்கே வாளி உண்டு. வாட்டம் இல்லாததால் வைப்பரால் பால்கனி வரை தள்ளிக்கொண்டு போகிறார், போகிற வழியில் பெட்ரூம் வாசலில் மட்டும் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டி அணை போட்டுவிட்டு.

இப்போது கடைகளில் தண்ணீர் தாங்கும் லேமினேட் என்று விளிம்புக்கு மெழுகு பூசியவை வருகின்றன. எஸ்.பி.சி. என்று சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் கலந்த பலகையும் வருகிறது. அதில் மர நாரே இல்லை, அதனால் உப்புவதும் இல்லை. புதிதாகப் போடுகிறவர்கள் அதைப் பார்க்கலாம். பழைய லேமினேட் உள்ள வீட்டுக்கு வாடகைக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் அன்றே, சாமான் இறக்கும் முன், பால்கனிக் கதவோரத்தையும் பாத்ரூம் வாசலையும் தரையோடு தரையாக வைத்துப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். கையோடு ஒரு குண்டூசி எடுத்துப் போய்க் கதவுத் தண்டவாளத்தின் ஓட்டைகளைக் குத்திப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினால் பால்கனிப் பக்கம் வர வேண்டும்.